ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியே மறுபடி காரை பெயர்கிறது: கூரைக் கம்பியின் துருவை அளக்க வழி உண்டா?

ஆனையூர்வாசி (சனிக்கிழமை இரவு)

எல்லோருக்கும் வணக்கம். மதுரை ஆனையூரில் எங்கள் வீடு 1997-ல் அப்பா கட்டியது. தரைத்தளம் மட்டும்தான், மேலே மொட்டை மாடி. நாலு வருசத்துக்கு முன்னால் ஹால் கூரையிலிருந்து ஒரு முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து சோபா மேல் விழுந்தது. நல்லவேளை, அப்போது யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கான்ட்ராக்டர் ஒருவரைக் கூப்பிட்டோம். கம்பியைப் பிரஷ்ஷால் தேய்த்தார், ரெட் ஆக்சைடு அடித்தார், கலவையை அப்பி மேலே பெயின்ட் பூசிவிட்டுப் போனார். "இன்னும் இருபது வருசத்துக்கு இந்தப் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம் சார்" என்றார்.

அந்த ஒட்டு இன்றைக்கும் கல்லு மாதிரி நிற்கிறது. ஆனால் அதைச் சுற்றி ஒரு முழம் தள்ளி வளையம் போல விரிசல் ஓடுகிறது. போன வாரம் ஓரிடத்தில் பெயர்ந்தும் விட்டது. உள்ளே கம்பி அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உரிகிறது.

இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு பூச மனசு வரவில்லை. எந்த இடத்தில் துரு ஓடுகிறது, எந்த இடம் நன்றாக இருக்கிறது என்று உடைக்காமலே தெரிந்துகொள்ள முடியுமா?

கொத்துக்கரண்டி

தம்பி, நான் முப்பது வருசமாகக் கொத்து வேலை பார்க்கிறேன். இதற்கு எதற்கு மெஷின்? சின்னச் சுத்தியலால் கூரை முழுக்கக் கொட்டிப் பாருங்கள். மானாமதுரைப் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போம் இல்லையா, அதே வேலைதான். கணீரென்றால் நல்லது. தொப்பென்றால் உள்ளே விட்டுவிட்டது. தொப்பென்று கேட்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதை மட்டும் கொத்தி எடுத்துப் பூசுங்கள். முழுக் கூரையையும் கொத்தச் சொல்கிறவனை நம்பாதீர்கள்.

ஆனையூர்வாசி

கொட்டிப் பார்த்தேன் அண்ணே. ஒட்டைச் சுற்றி வளையமாகத் தொப்தொப் என்றுதான் கேட்கிறது. ஒட்டு கணீரென்கிறது. எனக்கு விளங்காதது அதுதான். பழுது பார்த்த இடம் நன்றாக இருக்கிறது, நன்றாக இருந்த இடம் நாலே வருசத்தில் கெட்டுப்போகிறதே?

காரைக்குடிமின்வேதி

அண்ணன் சொன்ன சுத்தியலை நானும் விடமாட்டேன். முதலில் செய்ய வேண்டியது அதுதான். ஆனால் சுத்தியல் சொல்வது நடந்து முடிந்த கதை. துரு, அது தின்ற இரும்பைப்போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் காரை கம்பியை விட்டுப் பிரிந்த பிறகுதான் தொப்பென்ற சத்தமே வரும். துரு இன்றைக்கு எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று காதுக்குத் தெரியாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல கான்கிரீட்டின் ஈரம் கடுமையான காரம், பிஎச் அளவு 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உருவாகிக் காவல் காக்கும். அதைக் குலைப்பவை இரண்டு. ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயு வருசக்கணக்கில் உள்ளே ஊடுருவிக் காரத்தைக் குறைப்பது. பிஎச் 9 பக்கம் இறங்கினால் படலம் நிற்காது. இன்னொன்று உப்பு. குளோரைடு கம்பி வரை போய்விட்டால், காரம் அப்படியே இருந்தாலும் படலத்தை அங்கங்கே பொத்தல் போட்டுவிடும்.

பொத்தல் விழுந்தவுடன் கம்பி ஒரு பாட்டரியாகிவிடுகிறது. இரும்பு கரையும் இடம் ஒரு முனை, ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும் நல்ல இடம் மறுமுனை. நடுவில் ஈரக் கான்கிரீட். இதில் ஒரு வேடிக்கை: கரைகிற இடம் தான் கரைந்து பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கான்ட்ராக்டர் அந்த இடத்தைச் சுத்தம் செய்து புதுக் கலவை வைத்தார். புதுக் கலவையில் காரம் அதிகம், உப்பு இல்லை. அந்த இடம் சட்டென்று மறுமுனையாக மாறிவிட்டது. சுற்றியிருந்த பழைய கான்கிரீட்டிலும் உப்பு ஏற்கெனவே இருந்திருக்கும். இத்தனை நாள் காப்பாற்றியவன் போய்விட்டதால், இப்போது அவை கரையத் தொடங்கிவிட்டன. உங்கள் வளையம் அதுதான். மருத்துவம் பார்த்த இடத்திலிருந்து நோய் பக்கத்து வீட்டுக்குக் குடிபோன மாதிரி.

ஒரு கேள்வி: வீடு கட்டும்போது எந்தத் தண்ணீர்?

ஆனையூர்வாசி

போர் தண்ணீர்தான். இன்றைக்கும் அதே போர். டீ போட்டால் திரியும் என்று அம்மா அதில் போடமாட்டார். குழாய் முனையெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும்.

வில்லாபுரம்அக்கா

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் போன வருசம் சோதனைக்கு ஆள் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம். சித்திரை வெயிலில் வந்தார்கள், பெயின்ட் மேலேயே எதையோ ஒற்றி எடுத்தார்கள், பச்சை நிறத்தில் படம் போட்டுக் கொடுத்தார்கள். "துரு இல்லை" என்று எழுதி, நல்ல தொகைக்குப் பில்லும் வந்தது. ஐப்பசி மழை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்துத் தூண் இரண்டிலும் செந்நிறமாக ஒழுகியது. அதனால்தான் கேட்கிறேன், இந்த அளவையெல்லாம் நம்பலாமா?

பாலம்பார்த்தவன்

நான் பணி ஓய்வு பெற்ற பொறியாளன். இந்த அளவையைப் பல வருசம் பாலங்களில் எடுத்திருக்கிறேன். அளவை சரிதான் அம்மா, எடுத்த விதம்தான் தப்பு. அரைமின்கல அளவை என்று பெயர், சைட்டில் ஹாஃப் செல் என்பார்கள். அமெரிக்கத் தரம் ஏஎஸ்டிஎம் சி876, நம் நாட்டில் ஐஎஸ் 516-ன் 5-ஆம் பாகத்தில் வருகிறது. ஓரிடத்தில் கம்பியைத் தொட்டு வோல்ட்மீட்டரின் ஒரு முனை, கான்கிரீட் மேல் தாமிரம்-தாமிர சல்பேட் மின்முனையை வைத்து மறுமுனை. அவ்வளவுதான் கருவி.

கணக்கு இது. மைனஸ் 200 மில்லிவோல்ட்டை விடக் குறைந்த மைனஸ் என்றால், துரு ஓடவில்லை என்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 350-ஐத் தாண்டினால், ஓடுகிறது என்பதற்கு அதே 90 சதவீதம். இடைப்பட்டதில் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பெயின்ட் மின்சாரத்தைத் தடுக்கும். காய்ந்த கான்கிரீட் பொய்யான நல்ல எண்ணைக் காட்டும். சித்திரையில் நனைக்காமல் பெயின்ட் மேல் வைத்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். இதற்கு நேர்மாறாகவும் ஏமாறலாம். எப்போதும் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் தொட்டிச் சுவரிலும் அஸ்திவாரத்திலும் ஆக்சிஜன் எட்டாது. அங்கே எண் மைனஸ் 600 காட்டினாலும் கம்பி பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

அதனால் ஒரு எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்தில்தான் பாட்டரி வேலை செய்கிறது.

(இதையெல்லாம் எழுதும்போது கோரிப்பாளையத்துக்குப் போகும் ஏ.வி. பாலம் நினைவுக்கு வருகிறது. 1889-ல் திறந்த கட்டு வேலைப் பாலம், கம்பி கிடையாது. எனக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று.)

ஆனையூர்வாசி

அய்யா, அந்த மின்முனை விலைக்கு வாங்க வேண்டுமா? இங்கே யாரிடம் கேட்பது?

காரைக்குடிமின்வேதி

ஒரு தடவைப் பார்ப்பதற்கென்றால் நீங்களே செய்யலாம். தாமிர சல்பேட் என்றால் பயப்பட வேண்டாம், நம்ம மயில்துத்தம்தான். உரக்கடையில் போர்டோ கலவைக்கு விற்பார்கள். முக்கால் இஞ்ச் பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண். ஒரு முனையில் இறுக்கமாக மென்மரக் கட்டை அடைப்பு, ஒரு நாள் தண்ணீரில் ஊறியது. காய்ச்சி வடித்த தண்ணீரில் மயில்துத்தத்தைக் கரையாமல் அடியில் தங்கும் வரை போடுங்கள். தெளிவு நீலமாக இருந்து, அடியில் கல் மிச்சம் கிடந்தால்தான் கரைசல் பூரிதம். எமரித் தாளால் தேய்த்த தாமிரக் கம்பியை நடுவில் இறக்கி மூடியில் இறுக்கிவிட்டால் முடிந்தது. மரக்கட்டைக்கு மேல் ஈர ஸ்பாஞ்ச் கட்டிக்கொள்ளுங்கள். மயில்துத்தம் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.

உள்தடை 10 மெகா ஓம் உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கம்பி பாசிட்டிவில், மின்முனை நெகட்டிவில். மாற்றிக் கொடுத்தால் குறி தலைகீழாகும். தொடங்கும் முன், தூரத்தில் வேறொரு கம்பியையும் தொட்டு இரண்டுக்கும் இடையே தடை 1 ஓமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுக்கம்பி அறுந்து கம்பிகள் தனித்தனியாக நின்றால் மொத்த அளவையும் வீண்.

சென்ட்ரிங்தம்பி

டிஎம்டி கம்பி போட்டால் துருவே பிடிக்காது என்று கடையில் சொல்கிறார்களே, அப்புறம் எதற்கு இந்தக் கஷ்டம்?

கொத்துக்கரண்டி

கடைக்காரர் கம்பி விற்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் தம்பி. கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைக்காமல் ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுத்துத் தளம் போட்டால் எந்தக் கம்பியும் போகும். ஆனையூர் தம்பி வீட்டில் கம்பி எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்தாரா?

ஆனையூர்வாசி (அடுத்த ஞாயிறு, நீளமான பதிவு, மன்னிக்கவும்)

ஒரு வாரம் இதே வேலையாக இருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கூரைக்கு மேலே சுருக்கித் தட்டோடு (சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த கலவையில் பதித்த தட்டை ஓடு) இருப்பதால் மேலிருந்து அளக்க முடியாது. கீழே பூச்சும் பெயின்ட்டும். அதனால் ஹாலில் 2 அடிக்கு 2 அடி கட்டம் போட்டு, 42 புள்ளியிலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பூச்சைக் கொத்தி எடுத்தோம். வீட்டம்மா அம்மை போட்ட கூரை என்கிறார்.

முதல் நாள் எண்கள் கிறுக்குத்தனமாகக் குதித்தன. ஒரே புள்ளியில் 150, அடுத்த நொடி 40. அப்புறம்தான் புரிந்தது. கூரையை அளக்க மின்முனையைத் தலைகீழாகப் பிடிக்கிறோம். குழாயில் இருந்த காற்றுக் குமிழி மேலே ஏறி மரக்கட்டைக்கும் கரைசலுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டது. விளிம்பு வரை நிரப்பி, குமிழி இல்லாமல் மூடியதும் எண் நின்றது. கையெல்லாம் நீலம், ஒரு வெள்ளைச் சட்டை போயிற்று.

அரை மணி நேரம் முன்பே ஸ்பிரேயர் வைத்து நனைத்துவிட்டு, எண் நகராமல் நின்ற பிறகு குறித்தேன். ஒட்டு வழியாகப் போகும் வரிசை, மேற்குச் சுவரிலிருந்து கிழக்கே: -150, -165, -230, -395, -130, -410, -425. ஐந்தாவது, அந்த -130, பழைய ஒட்டு. மற்ற வரிசைகளிலும் கிழக்குப் பக்கம்தான் மோசம். அந்த -230 தவிர மேற்குப் பாதி முழுவதும் -200-க்குள் நிற்கிறது.

அண்ணன் கேட்டதையும் பார்த்தேன். பெயர்ந்த ஓரத்தில் கம்பிக்குக் கீழே கான்கிரீட் 17 மி.மீ. மட்டுமே.

பாலம்பார்த்தவன்

அந்த வரிசையைப் பாடப்புத்தகத்தில் போடலாம். -395, -130, -410. மேடும் பள்ளமும் எப்படி நிற்கின்றன பாருங்கள். காரைக்குடித் தம்பி சொன்ன பாட்டரி உங்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் கிழக்குப் பாதி மட்டும் ஏன்? கரியமில வாயுவா, உப்பா என்று பிரித்துப் பார்க்காமல் பூசாதீர்கள். பினாப்தலீன் கரைசல் வாங்குங்கள். புதிதாக உடைத்த முகத்தில், தூசியை ஊதிவிட்டுத் தெளியுங்கள். காரம் இருக்கும் இடம் ரோஜா நிறமாகும், காரம் போன இடம் நிறம் மாறாது. உப்புக்கு, கம்பி மட்டத்தில் துளையிட்டுப் பொடி எடுத்து ஏதாவது பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் கொடுங்கள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. போர் தண்ணீரும் ஒரு பாட்டில்.

ஆனையூர்வாசி (பத்து நாள் கழித்து)

முடிவுகள் வந்துவிட்டன. பினாப்தலீனில் இரண்டு பக்கமும் 12 மி.மீ. வரை நிறம் மாறவில்லை, அதற்கு மேல் ரோஜா. அதாவது கம்பி இருக்கும் இடத்தில் இன்னும் காரம் இருக்கிறது. குளோரைடு மேற்கே ஒரு கன மீட்டருக்கு 0.3 கிலோ, கிழக்கே 1.3 கிலோ. போர் தண்ணீரில் லிட்டருக்கு 1150 மில்லிகிராம்.

சென்ட்ரிங்தம்பி

அப்போ போர் தண்ணீர்தான் குற்றவாளி. கேஸ் முடிந்தது.

பாலம்பார்த்தவன்

அவசரப்படாதீர்கள் தம்பி, ஒரு கூட்டல் போட்டுப் பார்ப்போம். ஐஎஸ் 456:2000 கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் அனுமதிக்கிறது. இவர்களுடையது அதில் இரண்டு மடங்குக்கு மேல். அது தப்புதான். ஆனால் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 180 லிட்டர் தண்ணீர் போகும். 1150-ஐ 180-ஆல் பெருக்கினால் 0.2 கிலோ சொச்சம். நீராற்றியது, மணல் எல்லாம் சேர்த்து 0.3 என்றால் மேற்குப் பக்கத்துக்குக் கணக்கு ஒத்துவருகிறது. கான்கிரீட்டுக்கு அனுமதித்த அளவு 0.6. மேற்கு அதற்குள்தான் நிற்கிறது.

கிழக்கே மட்டும் கூடுதலாக 1 கிலோ. இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஒரே தண்ணீரில் போட்ட தளம். ஆகவே அந்த உப்பு கட்டும்போது வந்ததில்லை, அப்புறம் வந்தது. கிழக்குப் பக்கம் மாடியில் என்ன இருக்கிறது?

கரியமில வாயுவைப் பற்றியும் ஒரு கணக்கு. அது காலத்தின் வர்க்கமூலத்தில்தான் நகரும். 28 வருசத்தில் 12 மி.மீ. என்றால் 17 மி.மீ.-ஐத் தொட 56-வது வருசம் ஆகும். அதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

ஆனையூர்வாசி

அய்யா, இதைப் படித்துவிட்டு மாடிக்கு ஓடினேன். கிழக்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிரம்பினால் வழியும் குழாய் ஒரு அடிக்கு நீட்டி நிற்கிறது. தினம் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம், தண்ணீர் தளத்தில் கொட்டி ஹாலுக்கு மேலே பரவி, வெயிலில் காய்ந்துவிடும். 28 வருசமாக! தட்டோட்டு இடுக்கெல்லாம் வெள்ளைப் பூப்பு. தினமும் பார்த்த இடம்தான், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

காரைக்குடிமின்வேதி

நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். உப்பளத்தில் பாத்தி கட்டுவதும் இதே தத்துவம்தான். கடலோரத்தில் இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்று பார்க்கத்தான் எங்கள் ஊர் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் இரும்பையும் கான்கிரீட்டையும் காற்றில் போட்டுவைத்து வருசக்கணக்கில் ஆராய்கிறது. ஆனையூரில் ஒரு குட்டி மண்டபத்தை நீங்களே மாடியில் நடத்தியிருக்கிறீர்கள்!

வில்லாபுரம்அக்கா

சிரிப்பு வருகிறது, ஆனால் எங்கள் மாடியிலும் அப்படித்தான் ஒரு குழாய் இருக்கிறது. நாளைக்கே பார்க்கிறேன். சரி, இந்த எண்ணை வைத்துக் கம்பி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்ல முடியாதா?

காரைக்குடிமின்வேதி

முடியாது அக்கா. ஹாஃப் செல் எண் வாய்ப்பைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. வேகத்துக்கு முனைவுத் தடை அளவை என்று ஒன்று உண்டு. கம்பியின் மின்னழுத்தத்தைச் சில மில்லிவோல்ட் நகர்த்திவிட்டு, எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று பார்ப்பார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோ ஆம்பியர் என்றால் வருசத்துக்குச் சுமார் 11.6 மைக்ரான் இரும்பு போகிறது. 0.1-க்குக் கீழே என்றால் பொருட்படுத்த வேண்டாம். 11 மைக்ரான் என்பது தலைமுடிப் பருமனில் ஒரு துணுக்கு, பயமாகத் தெரியாது. ஆனால் கம்பி இளைப்பதற்கு வெகு முன்பே அந்தத் துருவின் நெருக்கலில் காரை வெடித்துவிடும். உப்பால் வரும் துரு குழி குழியாகத் தின்பதால் ஓரிடத்தில் சராசரியைப்போலப் பல மடங்கு ஆழமும் போகும். இந்தக் கருவி விலை கூடுதல், வீட்டில் செய்கிற காரியம் இல்லை. புதுப் பாலங்களில் கான்கிரீட் போடும்போதே உணரிகளைப் புதைத்து, உப்பு எந்த ஆழம் வரை வந்துவிட்டது என்று கம்பியை எட்டும் முன்பே கண்காணிக்கிறார்கள்.

கொத்துக்கரண்டி

சரி தம்பி, நான் தோற்றேன். எங்கே கொத்த வேண்டும் என்று உங்கள் எண் சொல்லட்டும், எப்படிக் கொத்த வேண்டும் என்று நான் சொல்கிறேன். முதலில் சவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் கை வையுங்கள். கம்பிக்குப் பின்னால் ஒரு இஞ்ச் தெரியும்படி கொத்த வேண்டும். முன் பக்கம் மட்டும் சொரண்டிப் பூசினால் பின் பக்கம் துரு அப்படியே இருக்கும். ரெட் ஆக்சைடு வேண்டாம், கலவை கம்பியைப் பிடிக்காது. நான்கூட முன்பெல்லாம் அடித்திருக்கிறேன், பெருமைக்குச் சொல்லவில்லை.

பாலம்பார்த்தவன்

-350-ஐத் தாண்டிய கிழக்குப் பாதியைப் பெயராத இடங்களையும் சேர்த்தே எடுங்கள். உப்பேறிய கான்கிரீட்டை விட்டுவைத்தால் மறுபடி வளையம் வரும். புதுக் கலவையின் ஓரத்தில், கம்பியோடு சேர்த்துத் துத்தநாகக் கட்டிகளைக் கட்டச் சொல்லுங்கள். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். கம்பி எவ்வளவு இளைத்திருக்கிறது என்று வடிவமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, தேவைப்பட்டால் கூடுதல் கம்பி சொல்லட்டும். அதை இழையில் உட்கார்ந்து நாங்கள் சொல்லக் கூடாது.

ஆனையூர்வாசி

பொறியாளர் வியாழக்கிழமை வருகிறார். இன்றைக்கு ஒரு எல்போவும் பத்தடிக் குழாயும் வாங்கி, வழியும் தண்ணீரை நேராகத் தென்னை மரத்துக்கு இறக்கிவிட்டேன். மேற்குப் பாதியில் இருபது புள்ளிக்கு எனாமல் பெயின்ட்டில் நம்பர் போட்டிருக்கிறேன். அந்தப் பொத்தல்களை அடைக்கப் போவதில்லை, வீட்டம்மாவிடம் பேசிச் சம்மதம் வாங்கியாகிவிட்டது. வருசம் ஒரு தடவை, மழை முடிந்து கார்த்திகையில், அதே புள்ளி, அதே மின்முனை.

வில்லாபுரம்அக்கா

தம்பி, அந்த நீலக் குழாயை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடன் கொடுப்பீர்களா? சட்டை எங்களுடையது.